ஆள் இருக்கு

மார்ச் 3

குட்டிச்சாவிக்கு,

இந்தப் பெயரில் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். போனையே எடுக்காதவனை எந்தப் பெயரில் கூப்பிட்டால் என்ன? நான் அடித்து அடித்து ஓய்ந்து போனதைப் பார்த்து உன் அத்தான்தான் சொன்னார், "லெட்டர் போட்டுப் பாரேன், அத கட் பண்ண முடியாதுல்ல" என்று.

தீர்ப்பு வந்துவிட்டது. அப்பா குற்றவாளி. திருட உள்ளே போன இருவருக்கும் என்ன குற்றமோ அதேதான் கதவைத் திறந்துவிட்டவருக்கும் என்று நீதிபதி படித்தார். வீட்டுக்காரப் பெரியவரின் வாயில் துணியைக் கட்டி மூச்சை நிறுத்தியது அவர்கள்தான், அப்பா அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார் என்பதையும் படித்தார். ஆனால் திறக்காத கதவுக்குள் யாரும் போயிருக்க முடியாதாம். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவளுக்கு இந்தச் சட்டமெல்லாம் எங்கே தெரியும்?

தண்டனையை 27ஆம் தேதி சொல்கிறார்கள். ஆயுளாகவும் இருக்கலாம், குறையவும் செய்யலாம். அதற்கு முன்னால் வீட்டு ஆள் ஒருவர் எழுந்து, இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று பேசலாம் என்றார் வக்கீலம்மா. நான் பேசுகிறேன் என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்க பேசினா மக பேசுறாங்கன்னு விட்டுருவாங்க. அப்பாகூட பேசாம இருக்கிற பிள்ள ஒருத்தர் இருக்காரே, அவரு வந்து சொன்னா காது குடுப்பாங்க" என்றார்.

ஆகவே நீ வர வேண்டும்.

நேற்று அப்பாவின் பூட்டுக் கடையைக் காலி செய்தேன். அந்த ஆணி வரிசை நினைவிருக்கிறதா? பஸ் போகும்போதெல்லாம் சுவர் அதிர்ந்து அத்தனை சாவிகளும் கலகலவென்று ஆடும். நீ கல்லாப்பெட்டிமேல் உட்கார்ந்து, எந்தப் பஸ் போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வாய். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வாய். அப்பா சாவியை அரத்தால் ராவும்போது பித்தளைத் தூள் மீசையில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் தொட்டி முழுக்க மினுங்கும். "எங்க வீட்ல சோத்துக்குப் பஞ்சம் வந்தாலும் தங்கத்துக்குப் பஞ்சமில்ல" என்று அம்மா சொல்லிவிட்டு, அதைத் தேய்த்துக் கழுவிச் சலித்துப்போவாள்.

ஊர்ப் பூட்டையெல்லாம் பழுதுபார்த்தவர் வீட்டில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அது உடைந்து எத்தனையோ வருஷம். நாம் வளர்ந்து முடியும்வரை அதை அவர் சரிசெய்யவே இல்லை. வெளியே இருப்பவர் தட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் "ஆள் இருக்கு" என்று குரல் கொடுக்க வேண்டும். நீ அதை ராகம் போட்டு இழுப்பாய். காலை நேரத்தில் நம் வீட்டில் அதிகமாகக் கேட்ட பேச்சே அதுதான்.

இதையெல்லாம் யாரிடம் சொல்ல? உன்னைத் தவிர யாருக்குப் புரியும்?

அக்கா

மார்ச் 9

அக்கா,

கடிதம் கிடைத்தது. நான் வரமாட்டேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படித்து நீ ஏமாற வேண்டாம்.

'நாங்கள் விற்பது நம்பிக்கை' என்று எங்கள் கம்பெனிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் என் மேசை. ஓட்டல்களுக்கும் ஆபீஸ்களுக்கும் போய், அட்டையை வைத்தால் திறக்கிற பூட்டுகளைப் பொருத்துகிறேன். என் அப்பா யார் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. கோர்ட்டில் நான் எழுந்து நின்றால் மறுநாள் பேப்பரில் வரும். அதன்பிறகு அந்தச் சுவருக்குக் கீழே நான் உட்கார முடியாது.

அது மட்டும்தான் காரணம் என்று நினைக்காதே.

அந்த இருவரில் கண்ணாடிக்காரனை எனக்கும் தெரியும். வெயில் இல்லாதபோதும் கறுப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு கடை வாசலில் டீ குடிப்பான். "இந்த மாதிரிப் பூட்டெல்லாம் உங்களால ஆகாது பெரிசு" என்று சொல்லியிருப்பான். அப்பாவைக் கவிழ்க்க அது ஒன்று போதும். ஆகாது என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் வீம்புக்காகப் போனார் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பங்கும் வாங்கினாரே. வீம்புக்குப் போனவர் திறந்து காட்டிவிட்டுக் கையை உதறிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

பேப்பரில் அந்தப் பெரியவரின் படம் வந்திருந்தது. ஓவிய வாத்தியாராம். பக்கத்தில் அவர் மகள். உன் வயதுதான் இருக்கும். அவளும் அன்றைக்குக் கோர்ட்டில் இருப்பாள். நான் எழுந்து 'எங்கப்பா நல்லவர்' என்று சொன்னால் அவள் எங்கே பார்ப்பாள்? நான் எங்கே பார்ப்பேன்?

என் பூட்டுகளைப் பற்றி அவர் கடையில் நாலு பேர் முன்னால் சொன்னதை நீ மறந்திருப்பாய். "எம்பிள்ள சாவியில்லாத பூட்டு விக்கிறான். நாளைக்கு வாயில்லாத பானையும் விப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய். அம்மா போனபோது வந்தவன், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

உன் கடிதத்தில் ஒரு பிழை. தாழ்ப்பாள் தானாக உடையவில்லை. சின்ன வயதில் நீதான் உள்ளே மாட்டிக்கொண்டு, திறக்கத் தெரியாமல் கத்தினாய். பூட்டுத் தொழில் செய்கிறவர், ஒரு ஊசியை விட்டு நெம்பினால் திறந்திருக்கும். அவரோ பதறிப்போய்த் தோளால் மோதி உடைத்தார். "பிள்ளைங்க போற கதவுக்கு இனிமே தாழ்ப்பாளே வேணாம்" என்று அம்மாவிடம் சொன்னாராம். அதை அவர் சரிசெய்யாமல் விட்டது சோம்பலால் அல்ல.

இதை எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டேன்.

தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

வரமாட்டேன் என்று சொல்ல இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். வருகிறவன் ஒரு வரியில் எழுதுவான்.

உன் சுவர் பெரிது, உன் மேசை பெரிது, எல்லாம் சரி. மனு போட்டு மனு போட்டு அப்பாவைச் சிறையில் பார்த்துவிட்டு வருகிறவள் நான். வேலை செய்யுமிடத்தில் என் கையில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு வேறு ஆளைக் கேட்கிறார்கள். திருடன் மகள் கையில் ஊசியா என்று. நானும் எங்கேயாவது ஓடிப்போயிருக்கலாம். உனக்கு முன்னால் பிறந்து தொலைத்தேன்.

அன்றைக்குச் சிரித்தேன்தான். பானை விஷயம் நிஜமாகவே சிரிப்பாக இருந்தது. நீ எழுந்து போன பிறகு அப்பா என்ன செய்தார் என்று உனக்குத் தெரியாது. நீ கொடுத்துவிட்டுப் போன அந்த அட்டைப் பூட்டைப் பிரித்துப்போட்டு ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பய நல்ல வேலைதாம்மா பாக்குறான்" என்றார். உன்னிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வாயில்லாத பானை அவர்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விசாரணைக்கு நீ வரவில்லை, அதனால் உனக்குத் தெரிய வழியில்லை. அடுத்த வீட்டு அம்மா சாட்சி சொன்னார். மத்தியானம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டதாம். எப்படித் தட்டினார்கள் என்று கேட்டதற்கு, அந்த அம்மா கூண்டு விளிம்பில் விரலை மடக்கித் தட்டிக் காட்டினார். இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நம் வீட்டுக் குளியலறை வாசனையே வந்துவிட்டது.

பெரியவரைக் கதவருகே வரவழைக்கத்தான் தட்டினார்கள் என்று அரசு வக்கீல் சொன்னார். தீர்ப்பிலும் அது அப்படியே வந்திருக்கிறது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. அது வலை விரித்த தட்டு இல்லை, யாராவது இருந்தால் திரும்பிப் போய்விடுகிற தட்டு என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் கூண்டில் நின்றார். நான் வீட்டுத் தட்டை மட்டும்தான் பார்த்தவள். ஊரெல்லாம் அவர் பின்னால் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். அவர் நல்லவர் என்று சொல்ல வேண்டாம். எப்படித் தட்டுவார் என்று மட்டும் சொல்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

இரண்டு நாளாக உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

ஆமாம், நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் சாவியைத் தொலைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். வெளியே இருந்து போட்ட பூட்டுத் தொங்கும். அப்போதும் அப்பா தட்டுவார். "நான்தான் வெளியில நிக்கிறேனே, உள்ள யாரு இருக்கப் போறா" என்று அவர்கள் சிரிப்பார்கள். "இருக்கட்டுங்க" என்பார். தட்டிவிட்டு, பூட்டுத் திறக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துணியில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை காதைக் கதவுப் பக்கம் வைத்திருப்பார். அதற்குப் பிறகுதான் பூட்டில் கை வைப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஏன் இப்படி மானத்தை வாங்குகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

அன்றைக்குச் சொன்னார். நாம் பிறப்பதற்கு முன்னால் ஒருவன் வந்து, சாவி தொலைந்துவிட்டது, வீட்டைத் திறந்து கொடு என்று கூட்டிப்போயிருக்கிறான். அப்பா நொடியில் திறந்துவிட்டார். உள்ளே அவன் மனைவி இருந்திருக்கிறாள். அவனுக்குப் பயந்து பூட்டிக்கொண்டவள். அப்பா கூலியைக்கூட வாங்காமல் வாசலில் நின்றிருக்கிறார், உள்ளே அடி விழுகிற சத்தம் கேட்டிருக்கிறது. ஓடிப்போய் அவனை இழுத்துப் பிடித்ததில் அப்பாவின் முன்பல் ஒன்று போனது. சைக்கிளிலிருந்து விழுந்து போன பல் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். "கதவ நான் திறக்கலன்னா அந்தப் புள்ள அடி வாங்கியிருக்காதுடா. இனிமே உள்ள ஆள் இருந்தா எவன் சொன்னாலும் திறக்க மாட்டேன்" என்றார்.

இப்போது நீயே யோசித்துப் பார். ஒரு கதவு திறந்தால் என்ன ஆகும் என்று நம் ஊரிலேயே அதிகம் தெரிந்த ஆள் அவர்தான். தெரிந்துதான் போனார். அந்தப் பெரியவர் மத்தியானம் தூங்கும்போது காது மெஷினைக் கழற்றி வைப்பாராம், பேப்பரில் போட்டிருந்தது. பதில் வராததால் ஆள் இல்லை என்று அப்பா முடிவு செய்துவிட்டார். இதை நான் சொன்னால் தண்டனை குறையுமா, கூடுமா? வக்கீலம்மாவைக் கேட்டாயா?

நான் அங்கே வந்து பொய் சொல்ல மாட்டேன். மெய்யைச் சொன்னால் அவர் கழுத்தில் கயிறு இறுகினாலும் இறுகும். இதற்குத்தான் வரவில்லை என்கிறேன். வேலைக்காக மட்டும் இல்லை.

அவர் அன்று கம்பிகளைத் துடைத்தாரா? அதை மட்டும் கேட்டு எழுது.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

வக்கீலம்மாவைக் கேட்டேன். "ரெண்டு பக்கமும் வெட்டுற கத்திதாங்க. எடுக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம்" என்றார்.

அப்பாவைப் போய்ப் பார்த்தேன். மெலிந்துவிட்டார். பல் கதையைக் கேட்டதும் உன்மேல் கோபம் வந்தது அவருக்கு, அக்காவிடம் ஏன் சொன்னான் என்று. நீ கேட்கச் சொன்னதையும் கேட்டேன். சொன்னார்: "துடைச்சேம்மா. மூணு கம்பியும் துடைச்சேன். துடைச்சு என்ன? அவருக்குக் கேக்கலயே. நான் தட்டுனேன்னு சொல்லி அந்தப் பெரியவர் பொண்ணுகிட்ட நான் நல்லவனாக வேணாம்."

உன்னை வர வேண்டாம் என்றார். வேலை போய்விடுமாம். நீ எங்கே வேலை பார்க்கிறாய், அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி என்று கேட்காதே, நான்தான் அவ்வப்போது சொல்வேன்.

இனி நான் கட்டாயப்படுத்த மாட்டேன். எனக்குத் தெரிந்ததை நான் பேசிக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 29

என் தம்பிக்கு,

வந்தவன் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல், என் முகத்தைப் பார்க்காமல், வந்த ரயிலிலேயே திரும்பிப் போய்விட்டாய். உன் அத்தான் ஸ்டேஷன்வரை ஓடினார். போகட்டும். அழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே உனக்கு ஒரு கொள்கை.

கோர்ட்டில் நீ நீதிபதியைப் பார்த்து நின்றாய். உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பல் கதையைச் சொன்னாய். கம்பி துடைப்பதைச் சொன்னாய். "நல்லவருன்னு சொல்ல நான் வரலைங்க. அவர் திறந்தது தப்பு, மத்த எவனையும்விட அவருக்கு அது நல்லாத் தெரியும். ஆனா அந்தத் தட்டு ஆள வரவழைக்கிற தட்டு இல்ல" என்றாய். சாட்சி சொன்ன அந்த அம்மா அங்கே நின்று எப்படித் தட்டினாரோ அப்படியே நீயும் கூண்டு விளிம்பில் தட்டினாய். இரண்டு, விட்டு ஒன்று.

"ஆள் இருக்கு" என்றேன் நான்.

சத்தியமாக நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. கோர்ட் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்ததாக நினைத்தேன். என்னை மட்டும் பார்க்கவில்லை. எனக்குக் கேட்ட குரல் என் குரல் மட்டும் இல்லை. அந்தக் கோடியில், போலீஸ்காரருக்குப் பக்கத்தில், தலை குனிந்து நின்ற அப்பாவும் அதே நேரத்தில் அதையே சொல்லியிருந்தார். சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீ திரும்பவே இல்லை. தோள் மட்டும் ஆடியது.

அரசு வக்கீல் எழுந்து இது ஒத்திகை பார்த்த நாடகம் என்றார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, வெகுநேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நீ வெளியே போய்விட்டாய். தட்டத் தெரிந்தவர் திறந்தது சின்னத் தவறல்ல என்றார் நீதிபதி. ஆனாலும் ஒரு மனிதரைத் தாக்கப் போகிற எண்ணத்தோடு இவர் போகவில்லை என்று நம்புவதாகச் சொன்னார். அந்த இருவருக்கும் ஆயுள். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷம்.

அவர் வயதுக்கு அதுவும் ஆயுள்தான். ஆனால் அந்தப் பெரியவரைக் கொல்லத் துணை போனவர் என்ற பேச்சு நின்றுவிட்டது. அப்பா முதல் தடவையாக நிமிர்ந்து நின்றார்.

படிக்கட்டில் அந்தப் பெரியவரின் மகள் என்னைப் பார்த்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "எங்கப்பா காதுல மெஷின் இருந்திருந்தா 'இதோ வரேன்'னு சொல்லியிருப்பாரு. யாரு தட்டினாலும் அப்படித்தான் சொல்வாரு" என்றாள். அவள் கையைப் பிடிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவள் போய்விட்டாள். அதுவும் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வேலை என்ன ஆயிற்று? இனியாவது போனை எடு.

அக்கா

ஏப்ரல் 24

அக்கா,

வேலை போகவில்லை. மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்து, ரொம்ப மரியாதையாகப் பேசி, என்னைப் பழைய சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார். பூட்டு எதையும் தொட வேண்டாத இடம். அப்பன் தொழில் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற பயம் போலிருக்கிறது. அந்தச் சுவர் இங்கிருந்து தெரியாது என்பதில் ஒரு நிம்மதி.

பெரியவரின் மகள் சொன்னதைப் படித்ததிலிருந்து, யார் எங்கே கதவைத் தட்டினாலும் எனக்கு 'இதோ வரேன்' என்று ஒரு குரல் கேட்கிறது. அது போகாது என்று நினைக்கிறேன். போகவும் வேண்டாம்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். போன சனிக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனேன்.

எவ்வளவு கதவுகள் அக்கா. ஒவ்வொன்றிலும் என்ன பூட்டு என்று கண் தானாகப் பார்த்தது. இரண்டாவது கதவில் இருந்ததை அப்பா கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடுவார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவலர்கள் சாவியைப் போடுகிறார்கள், தள்ளுகிறார்கள், போகிறார்கள். யாரும் எதையும் தட்டவில்லை.

பார்க்கிற அறையில் நடுவே மரத் தடுப்பு, அதற்கு மேலே கம்பிவலை. அப்பா அந்தப் பக்கம் ஸ்டூலில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நீதான் வருவாய் என்று நினைத்திருப்பார். பின்மண்டையில் முடியே இல்லை, அதை நீ எழுதவில்லை. கூப்பிட வேண்டும். இத்தனை வருஷமாகக் கூப்பிடாத வார்த்தை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அதனால் பலகையில் தட்டினேன். இரண்டு, விட்டு ஒன்று.

அவர் திரும்பவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்துவிட்டு, "யாரு?" என்று கேட்டார்.

நம் வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதே இல்லை. அங்கே தட்டிக் கேட்டு அவருக்கு எத்தனை நாளாயிற்றோ. உள்ளே இருப்பவர் சொல்ல வேண்டிய பதிலை, வெளியே நின்றுகொண்டு நான் சொன்னேன்.

"ஆள் இருக்குப்பா."

தம்பி